ஒல்லிக்காரனின் ஒன்பது மில்லிமீட்டர்

ஜனவரி 10

வடகாற்று விடவில்லை. வெராக்ரூஸ் துறைமுகத்தில் கப்பல்கள் கட்டிப்போட்டபடி நிற்க, கப்பல்காரர்கள் மொத்தமும் எங்கள் காப்பிக் கடையில். கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டும் சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை. தட்டினால் சுடுபால் கெட்டிலோடு ஓட வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக ஓடுகிறேன். அறுபத்தொரு வயதிலும் கல்யாணக் கால்சட்டை எனக்குச் சேர்கிறது. இதை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை.

வீட்டில் ஒரு கடிதம். சர்க்கரை வரக்கூடியவர்களின் இதயத்தைச் சுகாதார நிலையத்தில் படம் எடுத்துப் பார்க்கிறார்களாம். லெயோனிலாவுக்கு அழைப்பு. என் மனைவி மீன் சந்தையில் நின்றால் பின்னால் கடை இருப்பது தெரியாது. அவளைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள்?

"கப்பலைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். கையிலிருந்த மீனை ஓங்கினாள்.

ஜனவரி 12

துணைக்குப் போன என்னையும் டாக்டர் மிரெயா பிடித்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒல்லியானவர்களும் வேண்டுமாம்.

"நல்ல இதயம் எப்படி இருக்கும்னு காட்டணுமா டாக்டரம்மா, தாராளமா எடுத்துக்கங்க."

"உங்க வீட்டுல யாருக்காவது சர்க்கரை உண்டா, தொன் நிக்கானோர்?"

அம்மாவுக்கு இருந்தது. முதலில் ஒரு விரலை வெட்டினார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரை. அதை அவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. "இருந்துச்சு" என்றேன். நாளை வெறும் வயிற்றில் வர வேண்டும்.

ஜனவரி 13

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். குளிர்ந்தது. என் சர்க்கரை 171. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே இல்ல."

"நிச்சயமா?"

"சத்தியமா. என் பால் காப்பி மட்டும்தான்."

"சர்க்கரை போட்டா?"

"மூணு கரண்டி. டாக்டரம்மா, அது சாப்பாடு இல்லையே."

டாக்டர் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்த ஊரில் வாரம் நான்கு பேராவது இதையே சொல்கிறார்களாம். காப்பி சாப்பாடு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார்.

ஜனவரி 16

காப்பி இல்லாமல் போனேன். 119. இருக்க வேண்டியது நூறுக்குள்.

லெயோனிலா சந்தையில் இருந்ததால் இரண்டு பேர் முடிவையும் நானே வாங்கினேன். அவளுடையதில் ஒரு குறையும் இல்லை. என்னுடைய இதயத்தைச் சுற்றி ஒன்பது மில்லிமீட்டர் கொழுப்பு. எனக்கா? தாள் மாறிவிட்டது என்றேன். டாக்டர் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"தோலுக்குக் கீழ இருக்கற கொழுப்பு வேற, இதயத்தை ஒட்டிக்கிட்டிருக்கற கொழுப்பு வேற, தொன் நிக்கானோர். கண்ணாடியில பார்த்தா இது தெரியாது. சர்க்கரை வந்தவங்க, வரப்போறவங்ககிட்ட இது தடிச்சிருக்கறதைப் பார்க்கறோம். எது முதல்ல வருதுன்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. ஒண்ணு இன்னொண்ணுக்குத் தீனி போடுதுன்னு நினைக்கறோம்."

"நாள் முழுக்க ஓடறேனே நான்?"

"பத்து மேஜைக்கு நடுவுல. ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?"

ஏழு. மூவேழு இருபத்தொன்று. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருக்கிப் பார்த்தேன். உங்களுக்கு இன்னும் நோய் வரவில்லை, திருப்பிவிடலாம், வேகமாக நடங்கள், இனிப்பை விடுங்கள் என்றார். அம்மாவின் கட்டில் நினைவுக்கு வந்தது. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சாயங்காலம் லெயோனிலா கேட்டாள். "இதயத்தைச் சுத்திக் கொஞ்சம் கொழுப்பாம், ஜாக்கிரதையா இருக்கணுமாம்" என்றேன். யாருடைய இதயம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் தன் நெஞ்சில் கை வைத்து, "எனக்குத் தெரியும்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் அவளைக் கப்பல் என்று அழைத்த வாய் இது.

ஜனவரி 19

நாளை சொல்லிவிடுவேன்.

ஜனவரி 24

வீட்டில் சர்க்கரை டப்பா காணவில்லை. கள்ளிமடல் பொரியல், மீன், கறுப்பு பீன்ஸ். சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் நடை. நானும் கூடவே போகிறேன். எனக்குத்தானே நல்லது. யோசித்தால் இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை நான்.

"எனக்காக நீயும் இனிப்பை விட்டுட்டியே கிழவா" என்று பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் என் கன்னத்தைத் தட்டினாள். சே. என்ன மனுஷன் நான்.

பிப்ரவரி 4, சனி

தன்சோன் ஆட்ட நாள். இருபது வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் சதுக்கத்தில் ஆடுகிறோம். எவன் என்ன சொன்னாலும் இந்த ஊரில் லெயோனிலாவைப் போல மெதுவாகத் திரும்பத் தெரிந்தவள் இல்லை. ஆடத் தரையில் ஒரு சதுர ஓடு போதும் அவளுக்கு. அறிவிப்பாளர் எபிஃபானியோ வழக்கம் போல, "இந்தத் தன்சோன் பல் டாக்டர் தொன் அமாதோருக்கும், அவருடன் வந்திருக்கும் நண்பர்களுக்கும்" என்று சமர்ப்பணம் சொன்னார். நான் கையை நீட்டினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"இந்த இதயத்தை வெச்சுக்கிட்டு எப்படி ஆடறது? நீ போ, வேற யார் கூடயாவது ஆடு."

விசிறியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நோயை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 5

சொல்லிவிட்டேன். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். அவள் கள்ளிமடலில் முள் சீவிக்கொண்டிருந்தாள். படித்தாள். மிச்ச முள்ளையும் சீவி முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஐந்து இனிப்பு ரொட்டியோடு வந்து, என் எதிரே உட்கார்ந்து மூன்றை மெதுவாகத் தின்றாள்.

பேச்சு இல்லை.

பிப்ரவரி 6

இன்றும் இல்லை. மற்ற இரண்டையும் தின்றாள்.

பிப்ரவரி 7

பதினொரு மணி, கடையில் உட்கார இடமில்லை. என் வரிசையில் ஒருவர் டம்ளரைத் தட்டினார். கெட்டிலோடு போனால், லெயோனிலா. சந்தை ஏப்ரனோடு, கையில் கரண்டி. பால் ஊற்றினேன். குடிக்காமல் மறுபடி தட்டினாள், கடை முழுக்கத் திரும்பும்படி.

"மோசோ" என்றாள், முன்பின் தெரியாத பரிமாறுபவனைக் கூப்பிடுவது போல. "ஒரு விஷயம் கேக்கணும். யாரோட இதயத்தைச் சுத்திக் கொழுப்பு?"

"வீட்டுல பேசலாம், கிழவி."

தட்டினாள்.

"என்னுது" என்றேன் தாழ்வாக.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"என் இதயத்தைச் சுத்தி. ஒன்பது மில்லிமீட்டர். என் மனைவியோட இதயம் கண்ணாடி மாதிரி சுத்தம்."

ஓரத்து மேஜைக் கிழவர் தன் டம்ளரைத் தட்டினார். பக்கத்து மேஜை, அதற்கடுத்தது, கடைசியில் கடை முழுக்க டிங் டிங் டிங். யாருக்கும் பால் வேண்டியிருக்கவில்லை. லெயோனிலாவின் வாய் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். சிரித்தால் அவள் முழுவதும் சிரிப்பாள். அழுகையும் சிரிப்புமாக நான் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேளு. இனிமே கப்பல்னு கூப்பிட்டே, மூழ்கடிச்சிடுவேன்."

மூன்று வாரம் தன் இதயம் எந்த நேரம் நிற்குமோ என்று பயந்திருந்தாளாம். வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள்.

மார்ச் 3

தினமும் கடற்கரைச் சாலையில் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புகிறோம். இப்போது எனக்காக. அவள் முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். "சீக்கிரம் வா, ஒல்லிக்காரா." போகிற வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 21

சர்க்கரை இல்லாத காப்பிக்கு ருசி இருக்கிறது. இத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தவனுக்கு இது தெரியாமல் போனதே.

ஜூன் 9

தோற்றேன். முதலாளியின் பேத்தி பிறந்தநாள் கேக், இரண்டு துண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் லெயோனிலா என் மீசையைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து டம்ளரும் கரண்டியும் எடுத்துத் தட்டினாள். தண்டனை, கலங்கரை விளக்கம் வரை இரண்டு தடவை நடை.

ஆகஸ்ட் 17

வெறும் வயிற்றில் போனேன். காப்பி கூட இல்லை. வாசலில் நிறுத்தி லெயோனிலா வாயை மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள்.

97. கொழுப்பு ஆறு மில்லிமீட்டர். டாக்டர் மிரெயா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "விட்டா திரும்ப வந்துடும். விடாதீங்க." நான் படத்தைப் பார்க்கவில்லை, லெயோனிலா படத்தைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

கல்யாணக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, ஊசி குத்திக்கொண்டு போனேன். எபிஃபானியோ ஒலிபெருக்கியைப் பிடித்து, கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார். லெயோனிலாவின் கையெழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரியும்.

"இந்தத் தன்சோன் தொன் நிக்கானோரின் இதயத்துக்கும், அதனுடன் வந்திருக்கும் நண்பர்களுக்கும். ஒன்பது பேர் வந்தார்கள், மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்."

சதுக்கமே சிரித்தது. ஆடினோம். ஐந்து பாட்டு முடிந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. "கொஞ்சம் உக்காரலாமா?" என்றேன்.

"உன் இதயம் வேணும்னா உக்காரட்டும்" என்றாள், விசிறியை விரித்தபடி. "என்னுது ஆடணும்."

இன்னும் இரண்டு பாட்டு ஆடினோம்.

ஆகஸ்ட் 20

படியிறங்க முடியவில்லை. கால் வலிக்கிறது. உனக்கு ஒரு கால்தான் மிஞ்சியது, எனக்கு இரண்டும் வலிக்கிறது அம்மா, இரண்டு காலும்.