கடுகு மீனுக்கு ஓர் எடுத்துக்காட்டு

இன்று காலை கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கடுகெண்ணெய் காயும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், நாம் பௌதி என்று கூப்பிடுவோமே, அவர் வீட்டு அடுப்பிலிருந்து. ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வருடத்துக்கு மேலாக எனக்கு எந்த வாசனையும் வந்ததில்லை. மழை பெய்தாலும், மண்ணெண்ணெய் கொட்டினாலும், பால் பொங்கித் தீய்ந்தாலும் இந்த மூக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். வாய்விட்டே கூப்பிட்டேன். சமையலறைச் சன்னலிலிருந்து பதில் வராதபோதுதான் நீ போய் எட்டு மாதம் ஆயிற்று என்பது உறைத்தது.

வந்தது வாசனைதான் என்று உடனே நம்பவும் இல்லை. கடுகு விஷயத்தில் நான் ஒருமுறை உன்னிடம் மாட்டிக்கொண்டவன்.

கொரோனாக் காய்ச்சல் நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. உனக்குப் பத்து நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு உடம்பு தேறியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. மூக்கு போனால் நாக்கில் பாதி போய்விடும் என்று ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் செய்து காட்டியவன் நான். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு துண்டு ஆப்பிளும் ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கும் கொடுப்பேன். எது எது என்று தெரியாமல் அது தடுமாறும், வகுப்பே சிரிக்கும். பிறகு மூக்கிலிருந்து கையை எடுக்கச் சொல்வேன். அந்தப் பிள்ளையின் இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். கையை எடுக்கச் சொல்லத்தான் யாரும் இல்லை.

உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் எரியும். மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் உள்ள வித்தியாசம், முள் இருக்கிறதா இல்லையா என்பதுதான். நீ சமைப்பாய், நான் மென்று விழுங்குவேன், தட்டில் பாதி மிச்சமாகும். நீ உப்பைக் கூட்டினாய், மிளகைக் கூட்டினாய், பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்பதையே விட்டுவிட்டாய். என் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு நேரம் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும் நேரம் போல ஆகிவிட்டது.

மகள் சென்னையிலிருந்து போனில், மெயின்லேண்டுக்கு வந்து பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னாள். நீ போனை வாங்கி, "டாக்டரைப் பார்த்தாச்சு. இனிமே ஹோட்டலைப் பார்க்கறோம்" என்றாய். என் பக்கம் திரும்பி, "போர்ட் பிளேர்ல நாலு நாள். வேற ஒரு வேலையும் கிடையாது, சாப்பிடறது மட்டும்தான். டீக் ஹை?" என்றாய். இந்தத் தீவிலேயே பிறந்தவள் நீ. முடிவெடுத்த பிறகு உனக்கு இந்திதான் வரும். அதன் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

நம் ஊர் மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு நாம் போனதெல்லாம் காரியமாகத்தான். ஆஸ்பத்திரி, பென்ஷன் ஆபீஸ், மெயின்லேண்ட் கப்பல். எப்போது போனாலும் அந்த நாலடுக்கு டிபன் கேரியர் உன் மடியில் இருக்கும். வெளியே சாப்பிட்டால் வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டது போல உனக்கு ஒரு தவிப்பு. அன்று விடிகாலைப் பஸ்ஸில் நீ வெறுங்கையோடு ஏறினாய்.

"கேரியர் எங்கே?" என்றேன்.

"அதுக்கு லீவு குடுத்துட்டேன்."

மிடில் ஸ்ட்ரெய்ட் கடற்கால்வாயைக் கடக்கப் பஸ்ஸைப் படகில் ஏற்றினார்கள். எல்லாரும் இறங்கி அவரவர் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நீ கம்பியோரம் போய் நின்றாய். படகு திரும்பியதும் காற்று என் முகத்தில் அறைந்தது. உப்புநீர் தெறித்துக் கண் கலங்கிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தபோது நீ இரண்டு கைகளையும் காற்றில் விரித்து வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாய். பையோ கரண்டியோ கேரியரோ இல்லாத உன் கைகளை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது.

மின்னி பேயில் அறை எடுத்தோம். சன்னலைத் திறந்தால் கடல். மறுநாள் மத்தியானம் ஜங்லிகாட் பக்கம் ஒரு வங்காள மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனாய். தகரக் கூரை, நீள பெஞ்சு, குவித்து வைத்த சோறு, அதன்மேல் கடுகு அரைத்துவிட்ட மீன். ஒரு வாய் வைத்தேன். ஏதோ ஒன்று மூக்கின் உச்சி வரை ஏறி அடித்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

நீ பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "வந்துடுச்சா?"

அது வாசனை இல்லை. வெங்காயம் நறுக்கும்போது கண் எரிகிறதே, அதுபோல வெறும் எரிச்சல். எனக்கு அது அந்த நொடியே தெரியும். ஆனால் உன் முகத்தையும் பார்த்துவிட்டேன். "வந்துடுச்சு" என்றேன்.

மெஸ் நடத்தும் அம்மாளைக் கூப்பிட்டு இந்தியில் கதை முழுவதும் சொன்னாய். அவர் சந்தோஷப்பட்டு இன்னொரு துண்டு கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். அதை நான் விழுங்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை அபர்டீன் பஜாரில் நம் ஆட்கள் நடத்தும் டிபன் கடை. தோசைக்குக் காத்திருந்தோம்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்க மாஸ்டர்ஜி. உங்க ஏழாம் கிளாஸ் பாடம்தான்."

ஊரே என்னை மாஸ்டர்ஜி என்றுதான் கூப்பிடும். நீ கூப்பிட்டால் மட்டும் அதில் ஒரு கிண்டல் இருக்கும். கண்ணை மூடினேன். கரண்டியால் ஒரு வாய் ஊட்டினாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய்.

"முதல்ல குடிச்சது?"

"காப்பி."

"ரெண்டாவது?"

"டீ."

"கண்ணைத் திறங்க."

மேஜையில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. டீ.

நீ கோபப்படவில்லை. தோசை வந்தது. அதைக் கிழித்துக்கொண்டே தெருவைப் பார்த்தாய். பிறகு, "முப்பத்தோரு வருஷமா நான் வெச்சதையெல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அதுல எத்தனை இப்படி?" என்றாய்.

"அதெல்லாம் நிஜம்."

"நிஜம்னா இன்னும் ரெண்டு வார்த்தை வந்திருக்குமே."

நீயே முடித்தாய். "சரி. இனிமே நீங்க சாப்பிடுங்க, எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். உள்ளதை உள்ளபடி. ஆனா அந்தக் கடுகு மீனை மட்டும் சொல்ல மாட்டேன். அதைத்தான் ருசிச்சுச் சாப்பிட்டாச்சே நீங்க. நிஜமா மூக்கு வர்ற அன்னிக்கு அதை நீங்க எனக்குச் சொல்லணும். ஹோம்வொர்க்."

"வரலைன்னா?"

"முட்டை மார்க்."

உடனே சாம்பாரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாய். "இது புதுசா வந்த டீச்சர். சத்தம் ஜாஸ்தி, கிளாஸ்ல ஒண்ணும் நடக்கலை." நான் சிரித்துவிட்டேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சட்னி?"

அதற்குக் கொஞ்சம் யோசித்தாய். "கப்பல் ஜெட்டிக்கு வர்றப்ப, கயிறு வீசறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம நிப்பாங்கல்ல? அது."

சட்னியை வாயில் வைத்தேன். குளிர்ச்சி மட்டும்தான் நாக்குக்குத் தெரிந்தது. ஆனால் மாயாபந்தர் ஜெட்டியின் அந்த ஒரு நிமிட அமைதி எனக்குள் வந்து நின்றது. தேங்காயின் ருசி அதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பஜாரின் சத்தத்துக்கு நடுவில், எதிரே இருப்பவள் யார் என்று உன்னைப் பார்த்தேன்.

எடுத்துக்காட்டு சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. மின்சாரத்தைக் குழாய்த் தண்ணீரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், புவியீர்ப்பைத் தேங்காய் விழுவதைக் காட்டி. பிள்ளைகளுக்குப் புரிந்தால் எனக்குப் பெருமை. முப்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் என்னைவிடப் பெரிய ஆசிரியை ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளிடம் நான் ஒரு தடவைகூட, இது எதைப் போல இருக்கிறது என்று கேட்டதில்லை. நல்லா இருக்கு என்று சொல்லிக் கைகழுவ எழுந்திருக்கிறேன்.

அதன் பிறகு அந்த ஊர் நமக்கு வேறு ஊராகிவிட்டது. காலையில் புட்டும் கடலையும், மத்தியானம் எங்கே என்று பேசிக்கொண்டே ஒரு நடை, சாப்பிட்டு வந்து கடல் சத்தத்தில் ஒரு தூக்கம். கடலோரத்து ஹோட்டலில் நண்டு வந்த மத்தியானத்தை எப்படி மறப்பேன்? ஓட்டை உடைத்து ஒரு துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்.

"மழை விட்டதும் கொல்லைக் கதவைத் திறப்பேன்ல, உடனே ஒரு காத்து உள்ள வரும், ஈரமா, கொஞ்சம் இனிப்பா. முதல்ல அதுதான். மிளகு பின்னாடி வருது, பௌதி வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கூப்பிடற மாதிரி. தூரத்துலேருந்துதான் கூப்பிடறா. ஆனா விட மாட்டா."

பக்கத்து மேஜையில் ஒருவர் கையைத் தூக்கி சர்வரைக் கூப்பிட்டு, "அக்கா சாப்பிடற அந்த நண்டு எனக்கும் ஒண்ணு" என்றார். வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவராம். நம் பக்கம் திரும்பி, தன் தட்டைச் சாய்த்துக் காட்டினார். "அக்கா, இந்த நூடுல்ஸுக்கு என்ன சொல்வீங்க?"

எட்டிப் பார்த்தாய். "அதைப் பத்திப் பேசாம இருக்கறதுதான் மரியாதை தம்பி."

கடைசி நாள் மாலை, மெரினா பார்க்கில் காகிதக் கூம்பில் ஜால்முரி வாங்கினோம். பொரி, வெங்காயம், பச்சை மிளகாய், வேர்க்கடலை, எல்லாவற்றின் மேலும் ஒரு சொட்டுக் கடுகெண்ணெய். ஒரு பிடி வாயில் போட்டவள் சிரிக்க ஆரம்பித்தாய். மென்று முடிக்கும்வரை சொல்லவில்லை. "ஸ்கூல் விட்ட மணி அடிச்சாச்சு. ஒண்ணு விடாம எல்லாம் ஒரே நேரத்துல வெளிய ஓடி வருது. யாரு முதல்ல, யாரு அடுத்துன்னு கேக்காதீங்க, அதுங்களுக்கே தெரியாது."

நானும் மென்றேன். மொறுமொறுப்பும் எரிச்சலும் மட்டும்தான். ஆனால் நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்தின் வாசல் என் வாய்க்குள் திறந்தது. ஐந்து மணிக்கே சாய்ந்துவிடும் நம் ஊர் வெயில், நீர்மேல் கடைசியாக ஒரு தடவை மினுங்கிவிட்டு அணைந்தது. இந்தப் பெண்ணுக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை. கூம்பை மட்டும் காலி செய்தேன். நீ அதைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாய்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் நீ நிறுத்தவில்லை. ரசத்தையும் கீரையையும் ஒவ்வொரு வேளையும் சொன்னாய். நான் பேன்ட்டுக்குப் பெல்ட் போடுவதை விட்டேன். ஒன்றரை வருடம். பிறகு ஒரு நாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றாய், அன்று மாலையே போய்விட்டாய். அதன் பிறகு என் தட்டில் மீண்டும் உப்பும் புளிப்பும் மட்டும்தான். பழையபடி பாதி மிச்சம்.

இன்று காலை துண்டைக் கொடியில் போட்டுவிட்டு நேராக உள்ளே வந்தேன். காப்பித்தூள் டப்பாவையும் டீத்தூள் டப்பாவையும் எடுத்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று எனக்கே தெரியாதபடி பலமுறை இடம் மாற்றினேன். ஒன்றைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல, மெல்ல, ஆனால் நிச்சயமாக. காப்பி. கண்ணைத் திறந்தேன். காப்பிதான். மறுபடி செய்தேன், மறுபடி சரி. ஒரே டம்ளரை வைத்து ஏமாற்ற நீ இல்லாததால் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்ய முடிந்தது. அரிசி டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வேலியோரம் போனேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நானாகப் போய் ஒரு வீட்டில் சாப்பிடக் கேட்டேன். பௌதி கிண்ணத்தில் ஒரு துண்டு மீனைப் போட்டுக் கொடுத்தார். கடுகு அரைத்துவிட்ட மீன். அங்கேயே நின்று ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தேன். ஏன் அழுகிறீர்கள் மாஸ்டர்ஜி என்று இந்தியில் கேட்டார். கடுகு என்றேன். இந்தத் தடவை அது பாதிதான் பொய்.

நீ எனக்குச் சொல்லாமல் விட்ட ஒரே சாப்பாடு இது. மற்ற எதன் வாசனை முதலில் வந்திருந்தாலும் உன் வார்த்தை எனக்கு முன்னால் போய் நின்றிருக்கும். இதற்கு மட்டும் நான் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து யோசித்து இப்போது எழுதுகிறேன்.

மிடில் ஸ்ட்ரெய்ட் படகு. முதலில் காற்று முகத்தில் அறைகிறது. கண் கலங்கிவிடுகிறது, மூச்சு நின்றுவிடுகிறது, எதுவும் தெரிவதில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தால் கம்பியோரம் நீ வெறுங்கையோடு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய். மீனின் இனிப்பு அங்கேதான் இருக்கிறது. அத்தனை எரிச்சலுக்கும் பின்னால், அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றுகொண்டு.

பௌதியின் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மிச்சம் வைக்கவில்லை.