ரைஹான் வீட்டுக்கு 2,470 கிலோமீட்டர்

2024 செப்டம்பர் 19, வியாழன், ஒஸ்கெமென்

ஏழாம் வகுப்புக்கு வரைபடப் பாடம். இரண்டு ஊருக்கு நடுவே நூல் வைத்து அளக்கச் சொன்னேன். நானும் அளந்தேன், இங்கிருந்து அக்தாவ் வரை. 2,470 கிலோமீட்டர். நேராகப் பறந்தால் மூன்றேகால் மணி நேரம். நேர் விமானம் கிடையாது, அஸ்தானாவில் மாற வேண்டும். என்னைக் கேட்காமல் நாட்டின் அந்தக் கோடியில் போய் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என் தங்கை ரைஹான். மூன்று வருஷம் ஆகிறது. நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

செப்டம்பர் 25

ரைஹான் போன் பண்ணினாள். அவள் பையன் சன்ஜார் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். அக்டோபர் 6, ஞாயிறு, கயிறு வெட்டு.

"நீதான் வெட்டணும், அக்கா."

"லூசாடி நீ?"

நடக்கத் தொடங்கும் குழந்தையின் காலில் கட்டின கயிற்றை யார் வெட்டுகிறார்களோ, அவர்கள் நடைதான் அதற்கு வரும் என்பார்கள். என் இடது கால் ஆறு வயதிலிருந்து இழுக்கிறது. இது அவளுக்குத் தெரியாதா?

"அம்மா போனப்புறம் அந்தக் காலோடதானே என்னைத் தூக்கிட்டு நடந்தே?" என்றாள்.

செப்டம்பர் 26

டிக்கெட் எடுத்தாச்சு.

அக்டோபர் 4, வெள்ளி

விமானம் போயிடுச்சு. என்னை விட்டுட்டு.

மார்ச்சில் நாடு முழுக்க ஒரே நேரத்துக்கு, அக்தாவ் இருக்கும் மேற்குப் பகுதியின் நேரத்துக்கு மாறியது. என் வீட்டுக் கடிகாரம் மட்டும் பழைய நேரத்தில், ஒரு மணி முன்னால் ஓடுகிறது. என் பிடிவாதம். டிக்கெட்டில் 9.10. வேலைக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் தோலெகன் வீட்டுக் கடிகாரத்துக்குத் தக்கபடி காலண்டரில் 10.10 என்று எழுதி வைத்தார். அதுதான் டிக்கெட் நேரம் என்று நினைத்து நான் இன்னொரு மணி கூட்டினேன். டிக்கெட் கைப்பையில்தான் இருந்தது. ஏன் எடுத்துப் பார்க்கலை? பார்க்க வேணாம்னுதானா?

அடுத்து செவ்வாய்க்கிழமைதான் இடம் இருக்கிறது. "வேற யாரையாவது வெச்சு வெட்டிடு" என்றேன். ரைஹான் போனை வைத்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி — சீ.

அக்டோபர் 6

போன் வரவில்லை. வெட்டியிருப்பார்கள்.

அக்டோபர் 8, செவ்வாய், அக்தாவ்

ஆனாலும் கிளம்பினேன். அஸ்தானாவுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கீழே புல்வெளி, அப்புறம் வெறும் மண்.

கதவைத் திறந்த ரைஹானின் இடுப்பில் பிள்ளை. பின்னாலிருந்து அவள் மாமியார் கத்தினார்: "வந்துட்டியாம்மா! ஞாயித்துக்கிழமை வந்தவங்க சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க, கயிறு வெட்ட விடலை இவ. ரெண்டு நாளா பிள்ளையைத் தரையில விடமாட்டேங்கிறா. பெரியம்மா வர்றதுக்குள்ள நடந்துடுவானாம்! மாத்தி மாத்தித் தூக்கி என் இடுப்பே ஒடிஞ்சுபோச்சு."

"என் கால்..." என்றேன்.

"அந்தக் கால்தானே உன்னை இவ்வளவு தூரம் கொண்டாந்துச்சு? வெட்டு" என்றார் மாமியார்.

கறுப்பும் வெள்ளையும் முறுக்கின கயிறு. கத்தியை வாங்கினேன். வெட்டினேன். சன்ஜார் நாலு அடி வைத்தான், விழுந்தான், எழுந்தான். ரைஹான் அழுதாள். நானும்தான்.

டீ ஒரு மாதிரி இருக்கிறது. கடல் தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் குடிக்கிற ஊர். மூன்று கோப்பை குடித்தேன்.

அக்டோபர் 14, திங்கள், ஒஸ்கெமென்

காலையில் நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினேன்.

"ஏழு மாசமா கெஞ்சினேனே, இப்ப என்ன வந்துச்சு?" என்றார் தோலெகன்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு ரைஹான் கூப்பிடுவா. அவளுக்கு ஆறுன்னா நமக்கும் ஆறு."