நடுப்பாலத்தில் என் அம்மாவை மறித்த கேட்

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநரின் மகன்,
பதினோராம் வகுப்பு,
அக்கரைக் குடியிருப்பு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
பாலப் பராமரிப்பு அலுவலகம்,
இக்கரை.

பொருள்: நடுத்தடத்தின் தானியங்கிக் கேட் செய்த தவற்றை என் அம்மா தலையில் கட்டியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காலையில் அக்கரையிலிருந்து வருபவர்களுக்கும் மாலையில் திரும்புபவர்களுக்கும் பாலத்தின் நடுத்தடத்தை மாற்றிவிடத் தாங்கள் இரு முனையிலும் கேட் வைத்தீர்கள். எந்தப் பக்கம் வண்டிகள் காத்து நிற்கின்றன என்று தரையில் பதித்த சென்சார் பார்த்துச் சொல்லும், கேட் கேட்கும். அக்கரை மேல் உங்களுக்கு அவ்வளவு அக்கறை என்று நாங்களும் நம்பினோம்.

2. சென்ற திங்கட்கிழமை காலை, பிள்ளைகளோடு அம்மாவின் வேன் நடுத்தடத்தில் பாதிப் பாலம் வந்திருந்தபோது இக்கரைக் கேட் திறந்து, எதிரே ஒரு லாரியை உள்ளே விட்டது. அம்மா பக்கத்துத் தடுப்பில் உரசி ஒதுங்கினார். பிள்ளைகள் பிழைத்தார்கள், வேனின் இடது பக்கம் பிழைக்கவில்லை. "சின்னதுங்க பயந்துடக் கூடாதுன்னு பாடிக்கிட்டே வண்டிய ஒடிச்சேன்டா" என்றார் வீட்டுக்கு வந்து.

3. தங்கள் அறிக்கை சொல்வது: ஓட்டுநர் சிவப்பு விளக்கை மீறினார், கேட்டை அவர் மகன் நோண்டியிருக்கலாம். தங்கள் காவலாளியும் "உன் வாலுத்தனம் எங்களுக்குத் தெரியாதாடா?" என்றார். கேட்டில் 'தூங்குகிறேன், எழுப்பாதீர்' என்று எழுதி ஒட்டியது நான்தான். ஒட்டியதற்கும் முட்டியதற்கும் என்ன சம்பந்தம்?

4. வேன் சாவியைப் பள்ளி வாங்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை உரிமத்தின் மீது விசாரணை. அம்மா இப்போதும் விடியலில் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டுகிறார். பிறகு கழற்றி மடித்து வைக்கிறார். இதற்கும் ஓர் அறிக்கை எழுதுவீர்களா?

5. கேட் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறே செய்வதில்லை. அன்று தங்கள் அலுவலகம் விடுமுறை. மற்ற நாட்களில் தங்கள் அலுவலர்கள் வெயிலுக்குப் பயந்து, அலுவலகப் பெயர்ப்பலகையின் நிழலில், சரியாக இக்கரைச் சென்சார் மேல் கார்களை நிறுத்துகிறார்கள். கேட் பாவம், இக்கரையில் கூட்டம் காத்திருக்கிறது என்று நம்பித் தடத்தைத் திருப்பிவிடுகிறது. பாலத்தின் மேல் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. தங்களுக்கு இருக்கிறது.

6. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த இரண்டு வரிகளையும் அறிக்கையிலிருந்து நீக்கி, அம்மா மீது தவறில்லை என்று பள்ளிக்கு எழுதித் தர வேண்டும். கார்களை வெயிலில் நிறுத்த வேண்டும். காய்ந்தால் கார்தானே காயும்.

7. சந்தேகம் தீர இன்று காலை பெயர்ப்பலகைக்கு எதிரே நின்று பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து நிழலில் நின்றது ஒரு வெள்ளைக் கார். தாங்கள் இறங்கிக் கதவைச் சாத்தினீர்கள். முதுகுக்குப் பின்னால் கேட் அசைந்தது. தாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இடம்: அக்கரை
தேதி: ஜூன் 12

தங்கள் மீது மரியாதை வைக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கும்,
(ஒப்பம்)
வாலு