கோல் இல்லை, குடை

மார்ச் 3, திங்கள்

ஒன்பது மணிக்கே வெயில் முதுகைப் பிடித்துவிட்டது. இதை நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். மெயின் பஜார் ஜவுளிக்கடையில் வேட்டி கட்டி நின்ற பொம்மையிடம், "அண்ணே, எண்பது வயசுக்காரருக்கு எந்தப் பக்கங்க?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை என்று கோபம் வேறு. கல்லாவில் இருந்த பெண் தலையைக் குனித்துக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது. ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

சனிக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள். நிலக்கரி மைன்ஸில் வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த நாள். நிஜ நாள் யாருக்கும் தெரியாது. எதுவானால் என்ன, பாயசம் ஒன்றுதான்.

வேட்டி - பீரோவில் ஏழு, மடிப்புக் கலையாமல்.
செல்போன் - போன வருஷம் தந்தது. "அது கத்துது" என்று அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார்.
சாய்வு நாற்காலி - கூடவே கூடாது. உட்கார்ந்தே இருப்பதுதானே இப்போது வினை.

பொங்கல் கழித்து பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். முட்டி மடங்கிவிட்டது. அடி இல்லை. எங்கள் டவுன்ஷிப் வட்டத்தில் ரிட்டையர் ஆனவர்கள் ஏழெட்டுப் பேர் தினம் காலை ஐந்தரைக்கு அங்கே கூடுவார்கள். மைன்ஸுக்குக் காலை வேலை ஆட்களை ஏற்றிப் போகும் ஏ ஷிப்ட் பஸ்ஸை வழியனுப்ப. வேலை விட்டாலும் பஸ்ஸை விட மனசில்லை. அவர்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஒருத்தர், "போர்மேனுக்கு ஒரு கோல் வாங்கிக் குடுங்கப்பா" என்றாராம். அதோடு சரி. ஒன்றரை மாதமாக அப்பா வாசல் தாண்டவில்லை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் முப்பது பேரை மேய்த்த மனுஷன், அதே ஆட்கள் முன்னால் கோல் ஊன்றுவாரா?

ஐந்தரைக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பஸ் சத்தம் கேட்கிறார். நான் பார்க்காத மாதிரி பால் காய்ச்சுகிறேன்.

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்தார். யோசனை கேட்டேன்.
"ஒரு துண்டு வாங்கிப் போடு. முடிஞ்சிச்சி."
"எங்கப்பாவும் அப்பிடித்தான் நெனச்சாரு. ஒரு மாப்ள வாங்கிப் போட்டா முடிஞ்சிச்சின்னு."
போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வழக்கமான பதில்.

மாடியில் துணி காயப்போட்டேன். தெர்மல் பவர் ஸ்டேஷன் புகை வெள்ளையாக, அவசரமே இல்லாமல் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு முழம் வெட்டி அப்பாவுக்குத் தந்தால்? மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்து நிறுத்தம் வரை மிதந்து போவார். முட்டிக்கு வேலையே இல்லை. மரங்களுக்கு மேலே அவர் வேட்டி மட்டும் தெரியும். கீழே நின்று எல்லாரும் வணக்கம் போடுவார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ. கையில் இருந்த லுங்கி கையிலேயே காய்ந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

ரேஷன் கடை வழியில் வயசான ஒரு வாத்தியார். மடக்கிய குடையை ஊன்றி ஊன்றி நடந்தார். மனசுக்குள் சட்டென்று ஒரு குளிர்ச்சி. அதை யாரும் கோல் என்று சொல்லவில்லையே. குடை என்றால் குடைதானே.

நேரே கடைக்கு. நீளக் குடையாக எடுத்து ஒவ்வொன்றின் மேலும் என் முழு எடையையும் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார்.
"யம்மா, இது குடைங்க. கடப்பாரை இல்ல."
"தெரியுங்க. எங்கப்பா கொஞ்சம் கனமான மழையில போவாரு."

மரப்பிடி, வளைந்தது. முனை இரும்பு. தார் ரோட்டில் வழுக்கும். மருந்துக்கடையில் கோல் அடியில் மாட்டுகிற ரப்பர் கேட்டேன்.
"பேஷன்ட்டுக்கு என்னா வயசு?"
"இன்னிக்குத்தாங்க பொறந்திச்சி. குடை."

மார்ச் 8, சனி

பாயசம். வீட்டுக்காரர் துண்டு போர்த்தினார் (சொன்னபடியே). நான் குடையை நீட்டினேன். தூக்கி எறிந்துவிட்டால்?

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மழையே இல்லியே?"
"வெயிலு இருக்குதில்ல."
"அடியில எதுக்குடி ரப்பரு?"
"தரை கீறிடும்ப்பா."
என் முகத்தையே பார்த்தார். கன்வேயர் ஓடும் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடித்தவர். நான் பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஆமாமா," என்றார். "கீறும்."

மார்ச் 9, ஞாயிறு

ஹாலில் இருந்து பாத்ரூமுக்குக் குடையோடு போகிறார். திரும்பி வருகிறார். மறுபடி போகிறார். "வூட்டுக்குள்ள மழையாப்பா?" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினேன். ஒரு சொல் வெளியே விழுந்தால் குடை பரணுக்குப் போய்விடும். பிறந்ததில் இருந்து இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலாடி?"

மார்ச் 10, திங்கள்

லேசான பனி. ஐந்தேகாலுக்குக் கேட் சத்தம். படுத்தபடியே கேட்டேன். டொக்... டொக்... ரப்பர் சத்தம். தெருமுனை திரும்பியது. பிறகு குயில் மட்டும். எழுந்திருக்கவில்லை. பனிக்குள் எங்கள் அப்பா கரைந்து போவது போலவும், அங்கே நிறுத்தத்தில் மறுபடி முளைப்பது போலவும் இருந்தது. கண் கலங்கியது. கொட்டாவி என்று வைத்துக்கொள்வோம்.

ஆறேகாலுக்கு அந்தோணி மாமா வந்தார். அப்பாவோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

"ஒங்கப்பாரு வந்தாரும்மா. ராஜா மாதிரி. பஸ்ஸு வந்து நின்னுச்சி. உள்ள ஒரு பையன், இவரு கீழ இருந்தவன், ஜன்னல்ல தலய நீட்டி 'நல்லாகீறீங்களா சார்'ன்னான். இவரு குடைய ஜன்னல் கம்பில மாட்டிட்டு ரெண்டு கையையும் ஆட்டிப் பேசிகினு இருந்தாரு. டிரைவர் வண்டிய எடுத்துட்டான்."

"அப்பா?"

"பெஞ்சில உக்காந்துகினு கீறாரு. வர மாட்டாராம்."

குடை ஏ ஷிப்ட் போயிருக்கிறது. ஷிப்ட் முடிந்து இரண்டரைக்குத் திரும்பும். டப்பாவில் ஐந்து இட்லி எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனேன். சட்னி போதாது என்றார்.