கழுவிய முட்டைகள்

நேற்றுக் காலைக் காற்றில் தென்னை மட்டை ஒன்று முற்றத்தில் விழுந்தது. ஓலையின் அடிப்பக்கம் சுரண்டிப்போய், நூலும் புழுக்கையுமாக இருந்தது. கருந்தலைப்புழு வேலை. அந்தக் குப்பைக்குள் அரை அரிசி அளவில் ஒரு வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தது. அந்தப் புழுவை ஒழிக்க நாம் வளர்த்த குளவியின் கூடு. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. சாவுக்குக்கூட வராதவள், ஒரு கூட்டைப் பார்த்ததும் மடல் எழுதுகிறேன்.

தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மதுரையில் பூச்சியியல் படிக்கிறாள். கூட்டைக் காட்டியதும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். பல கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தக் குளவியின் மூதாதை ஒன்றுக்குள் ஒரு வைரஸ் புகுந்ததாம். அதன் மரபணு குளவியின் மரபணுவோடு கலந்து, தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வந்துவிட்டதாம். இப்போது குளவி அதை வீட்டு மாடு மாதிரி வேலை வாங்குகிறது. சினைப்பையில் வைரஸ் உறைகளைச் செய்து, அவற்றில் தன் சரக்கை ஏற்றி, முட்டையோடு சேர்த்துப் புழுவுக்குள் இறக்குகிறது. புழுவின் ரத்த அணுக்கள் முட்டையைச் சூழ்ந்து கொல்லாதபடி அந்தச் சரக்கு பார்த்துக்கொள்ளும். வைரஸுக்கோ இனித் தனிப் பிழைப்பே கிடையாது.

குளவி வளர்ப்பு நிலையத்தில் வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியாதா அத்தை என்று கேட்டாள். தெரியாது என்றேன். வாய் கூசவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியில் ஒரு வாடகை வீட்டில் நடந்தது நம் வளர்ப்பு நிலையம். புழுவை வளர்த்து, அதில் குளவியை முட்டையிட விட்டு, பெருகிய குளவிகளைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வடகரைத் தோப்புகளில் விடுவது வேலை. நீயும் தற்காலிகம், நானும் தற்காலிகம். வரப்போவது ஒரே ஒரு நிரந்தர இடம் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாம் பேசியதில்லை. ஒரே டப்பாவில் புளிச்சோறு தின்றோம்.

அந்த வருஷம் சாரல் தவறி, வெக்கையில் குளவிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சாகிற குளவியின் முட்டையையாவது காப்பாற்றுவோம் என்று நீதான் கிளம்பினாய். ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிக் குழாயை உருக்கி மயிரிழையாக இழுத்தாய். வயிற்றைக் கீறி முட்டையை எடுத்தாய். எதைத் தொட்டாலும் கழுவு என்பது நம் நிலையத்துச் சட்டம். நீயோ சட்டத்துக்கு மேல் ஒரு படி. உப்புநீரில் மூன்று தரம் அலசிவிட்டுத்தான் புழுவுக்குள் ஏற்றினாய். அத்தனை முட்டையும் செத்தது. புழுக்களை அறுத்துப் பார்த்தால், ஒவ்வொரு முட்டையையும் ரத்த அணுக்கள் அடை அடையாக மூடியிருந்தன.

மறுபடி, அலசாமல் ஏற்றிப் பார்த்தாய். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பிலிருந்து நீ நிமிர்ந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

"ஏட்டி, நான் கழுவினதுதான் சாவுது. கழுவாதது பிழைக்குது. முட்டையச் சுத்தி இருக்குற அந்தப் பால்தண்ணியிலதான் என்னமோ இருக்கு."

அதை ஒரு தாளில் எழுதி, ரிஜிஸ்தரில் ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். ரிஜிஸ்தர் என் பொறுப்பு. ஆனால் அதற்குள் வடகரைக்குச் சொன்ன தேதியில் கொடுக்கக் குளவி இல்லை. வளர்த்த புழுவையெல்லாம் யாரைக் கேட்டு வீணாக்கினாள் என்று அதிகாரி குதித்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, காரணம் எழுதச் சொன்னார். என்ன காரணம் என்பதையும் அவரே சொன்னார். நான் எழுதினேன்: பணியாளரின் சுத்தக் குறைவால் முட்டைகள் கெட்டன. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அவர் எப்போதும் சொல்வார்.

நிரந்தர இடம் எனக்கு வந்தது. நான் எழுதிய வரியைக் காட்டி உன்னை நிறுத்தினார்கள். நீ ஆலங்குளத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனாய். அந்தக் குளவி வைரஸை வேலை வாங்கியது போல அவர் என்னை வேலை வாங்கினார் என்று எழுதலாம்தான். ஆனால் வைரஸுக்குச் சம்பளம் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை வாங்கினேன்.

எண்பதுகளில் ஒரு சீசனில், ஐந்தருவியில் பெண்கள் பக்கம் ஈரத்துணியோடு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பயத்தமாவைத் தேய்த்தது. திரும்பினால் நீ.

"அழுக்குக் கைதான். பரவால்லியா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. நீ முதுகு முழுக்கத் தேய்த்துவிட்டு, தண்ணீருக்குள் போய்விட்டாய். ஒரு தரமாவது நீ என்னைத் திட்டியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு உன்மேல் இன்னும் இருக்கிறது.

நிலையத்தை மூடியபோது பழைய ரிஜிஸ்தர்களை எரிக்கச் சொன்னார்கள். அந்த வருஷத்து ரிஜிஸ்தரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. எரிக்கவும் கை வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்து எடுத்துத் தம்பி மகளிடம் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவள், நான் ஒட்டாமல் மடித்து வைத்திருந்த உன் தாளில் நின்றுவிட்டாள். இரண்டு தரம் படித்தாள். யார் எழுதியது என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது. பிறகு எதிர்ப்பக்கத்து வரியில் விரலை வைத்தாள்.

"இவங்களப் போயி சுத்தமில்லன்னு எழுதியிருக்கே. இது யாரு எழுதினது அத்த?"

சின்ன வயசில் மாசாமாசம் என் மளிகைச் சீட்டைக் கடைக்குக் கொண்டுபோன பிள்ளை அவள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"நாந்தான்," என்றேன்.

அவள் உன் தாளை மட்டும் பத்திரமாக எடுத்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ரிஜிஸ்தரை மூடி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.