வடக்குச் சுவரில் ஆக்சிஜன்

என் பெரியக்காவுக்கு,

சித்தூர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்? நான் திருப்பதியில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்துவிட்டேன். அங்கே பினாயில் வாசனையே இல்லை, காபி வாசனைதான்.

உன் வார்டின் கோடியில் கிடந்த நர்ஸ் மேஜையை நடுவுக்கு இழுத்து வந்ததற்காகப் பெரிய டாக்டரிடம் திட்டு வாங்கினாயே, நினைவிருக்கிறதா? இந்தப் புது ஆஸ்பத்திரியில் மேஜை நடுவில்தான் இருக்கிறது. வெளிநாட்டு யோசனையாம். அது என் அக்காவின் யோசனை என்று சண்டை போட எனக்கு மூச்சு போதவில்லை.

நுரையீரலில் சளி. சிலிண்டரை உருட்டி வருகிற காலம் போய்விட்டது அக்கா, ஆக்சிஜன் சுவரிலிருந்தே வருகிறது. ஆனால் அது வடக்குச் சுவர். வார்டில் எல்லாருக்கும் தலை வடக்கே. கட்டட நிபுணர் வெயில், காற்று, கிருமி எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார். நாம் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்போம் என்று மட்டும் கேட்கவில்லை.

என் பெண்டாட்டி, அதுதான் உன் நாத்தனார், அதை உடனே கண்டுபிடித்தாள். வடக்கே தலை வைத்தால் மனுசன் எழுந்திருக்க மாட்டான் என்று தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினாள். மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்தே பெயர் வாங்கிய நான், மறுபேச்சில்லாமல் திரும்பிப் படுத்தேன். குழாய் எட்டவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவி கத்த ஆரம்பித்தது.

ஓடி வந்தவள் நகரியைச் சேர்ந்த நர்ஸ், இளம்பெண். எங்களோடு வாதாடவில்லை. என்னைத் திருப்பிப் படுக்க வைத்து, குழாயை மாட்டி, கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிக் கட்டிலையே கோணலாகத் திருப்பினாள்.

"இப்ப தல ஈசானி மூலைக்கு வந்துடுச்சி நைனா. சாமி மூலை. பயப்படாம மூச்ச இழுத்து வுடுங்க."

இழுத்தேன். கருவி அடங்கியது.

நீயும் இதைத்தான் செய்தாய். உன் இரும்புக் கட்டில்களுக்குச் சக்கரம் இல்லாததால் நாலு பேரை வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. "பயந்துக்கினு படுத்திருக்கிறவனுக்கு நான் எத்தினி ஊசி போட்டு இன்னா ஆவப்போவுது?" என்பாய்.

என்னைப் பார்த்து மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள்; காலையில் பார்த்தால் வார்டு முழுக்கக் கட்டில்கள் கோணல். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் யார் வேலை என்று கேட்டார். அந்தப் பெண் தலை குனிந்தாள். அவள் வேலைக்கு ஆபத்து என்று வார்டுக்கே புரிந்தது.

உன் நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். "இவரு பொழச்சிக்கினாரு சார். அதைக் கேளுங்க மொதல்ல."

டாக்டர் என் கருவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மேல்மாடியில் இன்னும் குழாய் பதிக்கவில்லையாம். உடம்பு தேறியதும், அங்கே படுத்துப் பார்த்தவன் என்ற முறையில் வந்து இன்ஜினியரிடம் பேச முடியுமா என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா அக்கா? உங்கள் உத்தியோகத்தில் அதற்கு மேல் கிடைக்குமா?

திங்கட்கிழமை போகிறேன். குழாயைக் கிழக்குச் சுவரில் வைக்கச் சொல்கிறேன். கட்டிலைத் திருப்பிய குற்றத்துக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தால், அவர்கள் கண்ணெதிரே வடக்கே தலை வைத்துப் படுத்துவிடுவேன். மிச்சத்தை உன் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். சத்தியம்.

இப்படிக்கு,
நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உன் தம்பி