மாமி வீட்டு வாழைப்பழ அடுக்கு

786

சிங்கப்பூர், தேக்கா
ஹிஜ்ரி 1328, ரபியுல் ஆகிர் மாதம்

என் கண்மணி மகள் சாயிரா பானுவுக்கு உன் உம்மா சம்சுன்னிசா நிறைந்த ஸலாமும் துஆவும் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் உன் வாப்பாவும் நலம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதுதான், ஆனாலும் டிராம் வண்டியில் ஏற மாட்டேன், அது மின்சாரத்தில் ஓடுகிறது, எந்த நேரம் என்ன செய்யுமோ என்று சொல்லிக் கடைக்கு நடந்தே போகிறார். உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, மிளகைத் தட்டிப் பனங்கற்கண்டு போட்டுக் குடி, ஈரத் தலையோடு படுக்காதே. அப்புறம், மாமி பேச்சை விட்டுவிடுங்கள் உம்மா, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று போன கடிதத்தில் எழுதியிருக்கிறாய். உனக்குக் குறை இல்லை, சந்தோஷம். எனக்கு இருந்தது. இரண்டு வருஷமாகத் தொண்டையில் சிக்கின மீன் முள்ளாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை அதை எடுத்துப் போட்டேன், எப்படி எடுத்தேன் என்று உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. உன் வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை என்பதற்காகத்தான் அந்த பதுருன்னிசாவை நான் வாசலுக்குள் விட்டேன், நீ தொட்டிலில் கிடக்கும்போதே அவள் மகன் ரவூபுக்கு உன்னை என்று பேசியும் வைத்தோம். நீ ஆளான பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் வீட்டில் பெண்கள் கூடி நபி புகழ் ஓதுகிற மௌலிது. ஓத வந்தவர்களுக்கு இனிப்பு போதாது என்று கடைசி நேரத்தில் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நீதானே வாப்பா கடையிலிருந்து பிஸ்கோத்து டின்னை எடுத்து வரச் சொன்னாய், கொல்லையில் பழுத்துத் தொங்கின ராஜா வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கினாய், தேங்காய்ப் பாலும் முட்டையும் மலாக்கா வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்கிற பெரிய சஹனில் அடுக்கடுக்காக வைத்தாய். வந்த பெண்கள் விரலை நக்கிக்கொண்டு யார் செய்தது என்று கேட்டபோது, நீ பக்கத்தில் நிற்கிறாய் என்ற கூச்சம்கூட இல்லாமல், "நாந்தான் செஞ்சேன், இவ பழத்த உரிச்சுக் குடுத்தா, அதுக்கே அரை நாளு ஆக்கிட்டா" என்றாளே. அதோடு விட்டாளா? கொஞ்ச நாளில் ரவூபுக்கு மலாக்காவில் பெரிய இடம் வந்ததும், அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத பெண்ணை என் வீட்டுக்கு எப்படி எடுப்பேன் என்று தெருவெல்லாம் சொல்லி உறவை முறித்தாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு இந்த ஊரில் உன்னைக் கேட்டு ஒரு வீடும் வரவில்லை. மாப்பிள்ளை தங்கமானவர், அது ஆண்டவன் கொடுத்தது, அவள் கொடுத்ததல்ல. நீ கப்பல் ஏறின அன்று தஞ்சோங் பகார் துறையில் நின்றுகொண்டு, என் பிள்ளையின் கைக்கு இந்த ஊரில் போன பேரை இந்த ஊரிலேயே, அதுவும் அவள் வீட்டு நடுக்கூடத்திலேயே வாங்கித் தருவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உன் வாப்பா, தங்கச்சிதானே, விட்டுத் தொலை என்றார். அவருக்குத் தங்கச்சி. எனக்கு என்ன?

நீ போன பிறகு அந்த இனிப்பை வைத்தே அவள் மகாராணியாகிவிட்டாள். சுன்னத்துக் கல்யாணமா, காது குத்தா, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு விருந்தா, எதுவானாலும் பதுருன்னிசா மாமி வந்து அடுக்கு செய்தாக வேண்டும். அவளும் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள். காயல்பட்டினத்துப் பெரிய வீட்டு ரகசியம் என்பாள், மூன்று அடுப்பு வேண்டும் என்பாள், செய்கிற அன்று நோன்பு பிடிக்க வேண்டும் என்பாள். அவள் பிஸ்கோத்து டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு கரண்டி, இதற்கு நோன்பு எதற்கு? ஆனால் எல்லாரும் நம்பினார்கள். முதல் வெற்றிலை அவளுக்கு, சம்பந்தம் பேசுகிற இடத்தில் நடுப்பாய் அவளுக்கு. நானும் ஓரத்தில் உட்கார்ந்து என் மகள் செய்த பண்டத்தை அவள் பேர் சொல்லித் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், என் கோபம் ஆறுகிற சாதி இல்லை மகளே.

இந்த மாதம் அவள் மகள் அஸ்மத்துக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீடு உங்கள் ரங்கூன்தான், அவர்கள் வீட்டுப் பெண்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், நிச்சயத்துக்கு அக்கம்பக்கத்து வீடுகள் ஆளுக்கொரு சஹன் நிரப்பித் துணி போட்டு மூடிக் கொண்டுபோக வேண்டும், சம்பந்தியம்மா எல்லாச் சஹனிலும் ஒரு வாயாவது எடுத்து வைக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் அந்த வீட்டுக்கு அவமானம். மாமியோ சிங்கப்பூரிலேயே தன் ஒருத்திக்குத்தான் தெரிந்த பண்டம் என்று ரங்கூன்காரிகளிடம் வந்த அன்றே அளந்து வைத்திருந்தாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு வழி தெரிந்தது. மறுநாளே கிளம்பிவிட்டேன். தட்டு திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஒரு வீடு, ஊசி இரவல் கேட்கிற சாக்கில் ஒரு வீடு, பிள்ளை பெற்றவளைப் பார்க்கிற சாக்கில் ஒரு வீடு. போன இடத்திலெல்லாம் ஒரே பாட்டு. அடியில் பிஸ்கோத்தைப் பரப்பு, அதன் மேல் பழத்தை அடுக்கு, எலுமிச்சம்பழச் சாற்றைத் தெளித்தால் பழம் கறுக்காது, கெட்டித் தேங்காய்ப் பாலில் முட்டையும் வெல்லமும் ஏலமும் போட்டுச் சிறுதீயில் கிண்டு, கொதிக்க விட்டால் திரிந்து போகும், கரண்டியின் பின்புறம் ஒட்டுகிற பதத்தில் இறக்கி ஊற்று, மறுபடி பிஸ்கோத்து, மறுபடி பழம், மறுபடி பால், காலையில் அடுக்கினால் சாயங்காலத் தொழுகை, அஸர் நேரத்துக்கு இறுகி நிற்கும், அவ்வளவுதான். கேட்டவளெல்லாம் "இம்புட்டுத்தானா?" என்று வாயைப் பிளந்தாள். உனக்கு மட்டும்தான் சொல்கிறேன், நிச்சயத்தன்று கொண்டுவந்து எல்லாரையும் அசத்து, அதுவரை மூச்சு விடாதே என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவிட்டு வந்தேன். தான் ஒருத்திதான் அசத்தப்போகிறோம் என்ற ஆசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நம் தெருவில் ஒரு ரகசியம் ஒரு வாரம் உயிரோடு இருந்தது அதுதான் முதல் தடவை. அன்னம்மா இருக்கிறாளே, எருமை மாட்டுக் கொட்டகைப் பக்கத்து வீடு, அவள் முட்டை சேர்க்க மாட்டாள், பாலைச் சுண்டக் காய்ச்சி ஊற்று என்று அவளுக்கும் ஒரு வழி சொன்னேன். கடையில் பிஸ்கோத்து டின் எல்லாம் காலியாகிவிட்டது. உன் வாப்பா சந்தோஷமும் பயமுமாக வந்து, இத்தனை பிஸ்கோத்து வாங்குகிறார்களே, தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சலா என்று என்னைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பெண்கள் கூடினார்கள். ரங்கூன் சம்பந்தியம்மா நல்ல ஆகிருதியான ஆள், நடுப்பாயில் உட்கார்ந்தாள். மாமி தன் சஹனைக் கடைசியாகக் கொண்டுவருவதற்கு உள்ளே மூடி வைத்திருந்தாள், மூன்று அடுப்புக் கதையையும் நோன்புக் கதையையும் இன்னொரு தடவை சொன்னாள். பிறகு தெருப் பெண்களின் சஹன்களை வரிசையாக வைத்துத் துணியை எடுக்கச் சொன்னாள். முதல் துணி எடுத்தார்கள், அடுக்கு. இரண்டாவது எடுத்தார்கள், அடுக்கு. எடுக்க எடுக்க அடுக்கு. வைத்தவளெல்லாம் பக்கத்துச் சஹனைப் பார்க்கிறாள், தன் சஹனைப் பார்க்கிறாள், பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் என் முந்தானை நூலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா வழக்கத்தை விட முடியாமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள், பாதியில் நிமிர்ந்து, "இதுவும் அதுதானா? உங்க ஊருல வேற ஒண்ணும் சமைக்கத் தெரியாதா?" என்றாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் அடக்க முடியவில்லை. "மாமி, நான் நோன்பெல்லாம் புடிக்கல, புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே கிண்டினேன், நல்லாத்தான் வந்திருக்கு" என்று ஒருத்தி வெள்ளந்தியாகச் சொன்னாள். மாமியின் முகம் போன போக்கை உனக்கு எப்படி எழுதுவேன்? இரண்டு வருஷத்துக்குப் பிறகு எனக்கு அன்றுதான் வயிறு நிறைந்தது.

சம்பந்தியம்மா விடவில்லை. இதை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டாள். நான் எழுந்து நின்றேன். நான்தான் சொன்னேன், ஆனால் முதன்முதலில் செய்தது என் மகள் சாயிரா பானு, செய்த இடம் இதே வீடு, இதே கூடம் என்று கடைசிப் பாய் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மாமி துள்ளிக்கொண்டு எழுந்தாள். "பொய்யி. மைனி வயித்தெரிச்சல்ல சொல்றாங்க. அந்தப் புள்ளைக்கு அடுப்பு எந்தப் பக்கம்னு தெரியாது" என்றாள். ரங்கூன்காரிகள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள், ஒருத்தி போய்விடலாமா என்பதுபோல் செருப்பு இருந்த பக்கம் பார்த்தாள். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும், என் மகளுக்கு வந்தது அவள் மகளுக்கும் வரட்டும் என்றுதான் அந்த நேரம் எனக்கு இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நிச்சயப் பெண் பேசக் கூடாது என்பது உனக்குத் தெரியும், அஸ்மத் பேசினாள். "உம்மா, போதும். சாயிரா லாத்தாதான் செஞ்சாங்க. நான் பக்கத்துல நின்னு கிண்டிக் குடுத்தேன்" என்றாள். அந்தப் பிள்ளைக்குத் தன் கல்யாணம் போய்விடும் என்று தெரியாதா? தெரிந்துதான் பேசினாள். சம்பந்தியம்மா கையிலிருந்ததை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டு, "தாய்க்கு எதிரா உண்மையச் சொல்றவ, நாளைக்கு எனக்கு எதிராவும் சொல்லுவா. பரவாயில்ல, இந்தப் பொண்ணுதான் வேணும்" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து நீ இருக்கும் தெருவைக் கேட்டாள், அவர்கள் வீடு நீ இருக்கிற மொகல் தெருவுக்கு அடுத்த தெருதானாம். அன்று தெருப் பெண்கள் எல்லாரும் சாயிரா அடுக்கு, சாயிரா அடுக்கு என்று சொல்லிச் சொல்லித் தின்றார்கள். மாமி உள்ளே மூடி வைத்த சஹனை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பின்பக்கச் சந்து வழியாக அவள் வந்தாள். கதவைத் தட்டுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்தே இருந்தேன், உன் வாப்பா முழங்கால் வலியெல்லாம் மறந்து ஓடிப்போய், வா தங்கச்சி என்று திறந்துவிட்டார். என்ன மனுஷரோ. வந்தவள் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அஸ்மத்து அங்க தனியா இருப்பா மைனி, சாயிராவுக்கு ஒரு வரி எழுதுங்க" என்றாள். எந்த சாயிரா, அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவளா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அழுதாள். அவள் அழுதால் எனக்கு இனிக்கும் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன், இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன், இதோ எழுதிவிட்டேன். அவளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் அஸ்மத் வேறு. உன் பேரைத் திருப்பிக் கொடுத்தது என் சூழ்ச்சி இல்லை, அந்தப் பிள்ளையின் வாய். அவளை உன் கூடப்பிறந்தவளாக வைத்துக்கொள், மாமியார் வீட்டில் முகம் வாடினால் உன் வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறார உண்ண வை, ரங்கூன் மழைக்கு ஒரு நல்ல போர்வை வாங்கிக் கொடு. அவள் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் உம்மா இங்கே உன் பேரை நன்றியோடு சொல்லியாக வேண்டும், அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு என்னிடம் இல்லை.

ஆண்டவன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவான், உன் மடியில் சீக்கிரம் ஒரு பிள்ளையையும் தருவான், ஆமீன். இருமலுக்குச் சொன்னதை மறக்காமல் செய். இன்னொன்று, இதுதான் முக்கியம். அடுத்த மாதம் நிக்காஹ் முடிந்ததும் மகளைக் கொண்டுவந்து விட மாமியே கப்பலில் வருகிறாள், இரண்டு பேரும் சேர்ந்துதான் உன் வீட்டுக்கு வருவார்கள். அஸ்மத்தைக் கையைப் பிடித்து உடனே உள்ளே அழைத்துக்கொள். மாமி வாசலில் நிற்கட்டும், கதவைச் சாத்து. உள்ளே போய் அவளுக்காக நல்ல கொழுந்து வெற்றிலையாக ஒன்று எடுத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடி. மடித்து முடித்த பிறகு கதவைத் திறந்து, வாங்க மாமி என்று கொடு. அவசரப்படாமல் மடி.

இப்படிக்கு,
உன் நலமே கேட்கும் உம்மா
சம்சுன்னிசா